நாற்பத்தெட்டு நாள் வலம்

எங்கள் கம்பெனி பஸ் தினமும் காலை ஐந்தரை மணிக்குக் கோயிலை இடமாகச் சுற்றிக்கொண்டுதான் ஸ்ரீபெரும்புதூர் ரோட்டைப் பிடிக்கிறது. மாட வீதிகளை ஒருவழிப் பாதையாக்கியதிலிருந்து இப்படித்தான். ஆட்டோ, பால் வண்டி, கல்யாண கார், குப்பை லாரி எல்லாமே அப்பிரதட்சணம். கோயிலை இடமாகச் சுற்றினால் குடும்பத்துக்கு ஆகாது என்று எனக்குப் பாடம் எடுத்தவர்கள் அத்தனை பேரும் அதே தெருவில் நின்று இதைப் பார்க்கிறார்கள். ஒருவரும் வாயைத் திறப்பதில்லை. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து மூலைகளை எண்ணிக்கொண்டு போகிறேன். இடது, மறுபடி இடது, மறுபடியும் இடது. இந்தத் திருப்பம் எனக்கு ஓடிக்கொண்டிருந்த காலத்தில் இரண்டு மாதம் கிடைத்திருந்தால் போதும். இப்போது சீட்டில் உட்கார்ந்தபடியே தினமும் கிடைக்கிறது.

மூன்று வருடம் முன்பு வரை நான் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடிக்கொண்டிருந்தேன். சர்வதேச உள்ளரங்கத் தடகளப் போட்டி ஒன்றில் இந்தியச் சட்டை போட்டு ஓடியிருக்கிறேன். இதை எங்கள் கம்பெனியில் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அடுத்த கேள்வி, மெடல் வந்ததா என்பதாகத்தான் இருக்கும்.

பள்ளிக்கூட நாளில் ஆரம்பித்தது இது. எங்கள் வீடு தறி வீடு. எங்கள் தெருவில் விடிந்ததும் தெரு நீளத்துக்குப் பாவு நீட்டிவிடுவார்கள். கழி நட்டு, பட்டு நூலை இழுத்துக் கட்டி, அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போடுவார்கள். அந்த நேரத்தில் அங்கே ஒருத்தி ஓடினால் முதுகில் நாலு விழும். மைதானம் என்று ஒன்று ஊரில் உண்டு. அங்கே ஓட்டத்தைத் தவிர மற்றதெல்லாம் நடக்கும். பொருட்காட்சி வந்தால் ராட்டினம், தேர்தல் வந்தால் மேடை, மழை வந்தால் தவளை. தாமல் ஏரிக்கரைக்கு பஸ் பிடித்துப் போகலாம்; கரை நீளமாக, நன்றாகவே இருக்கும். ஆனால் அதில் வளைவே கிடையாது. மிச்சம் இருந்தது கோயிலைச் சுற்றிய நான்கு மாட வீதிகள்தான். ஒரு சுற்று ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் வரும்.

முதல் நாள் நான் இடமாகத்தான் ஓடினேன். பள்ளிக்கூடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு எங்களை அப்படித்தான் ஓடவைத்தார்கள். உலகத்தில் எந்தத் தடத்திலும் ஓட்டம் இடப்பக்கமாகத்தான். ஆனால் கோயில் வாசலில் பூ விற்கும் அம்மா இரண்டாவது சுற்றில் கூடையைக் குறுக்கே வைத்து என்னை நிறுத்திவிட்டார்.

"ஏம்மா, யார் ஊட்டுப் பொண்ணு நீ? அப்பிரதட்சணமா சுத்திக்கினு இருக்குற? பெத்தவங்க நல்லா இருக்கறது புடிக்கலையா உனக்கு?"

"ஓட்டம் அப்படித்தாங்க ஓடணும்."

"ஓட்டம் அப்படி. சாமி இப்படி. சாமிக்கு ஏத்தாப்பல ஓடு."

மறுநாளிலிருந்து திசையை மாற்றிக்கொண்டேன். அவ்வளவுதான் அன்றைக்கு அது எனக்கு. எந்தப் பக்கம் ஓடினாலும் ஒரு கிலோமீட்டர் ஒரு கிலோமீட்டர்தானே என்று நினைத்தேன். எட்டு வருடம் அந்த நான்கு மூலைகளிலும் வலப்பக்கமாகவே திரும்பினேன். உடம்பு அதைக் கற்றுக்கொண்டது. நான் கேட்டுக்கொள்ளாததையும் அது கற்றுக்கொண்டது.

வலமாகச் சுற்ற ஆரம்பித்த பிறகு தெருவே என் பக்கம் வந்துவிட்டது. வேடிக்கையாகத்தான் தொடங்கியது. பூக்காரம்மா ஒரு நாள், "பொண்ணு பிரசவத்துக்குப் போயிருக்குதும்மா. பதினோரு சுத்து வேண்டிக்கினேன். கூடையை உட்டுட்டுப் போவ முடியல. நீ எப்படியும் சுத்துற, என் பேரைச் சொல்லிப் பதினொண்ணு சுத்திடேன்" என்றார். சுற்றினேன். சுகப் பிரசவம். பிறகு மூட்டு வலிக்காரர்கள், சுகர்காரர்கள், கடையை விட்டு நகர முடியாதவர்கள் எல்லாரும் என்னிடம் வந்தார்கள். மகனுக்கு விசா வரவேண்டும், மருமகன் குடியை விடவேண்டும், கேஸ் வாய்தா இல்லாமல் முடியவேண்டும். நான் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடும்போது ஓரத்தில் நின்று, "இது என் சுத்தும்மா" என்று குரல் கொடுப்பார்கள். பலித்தவைதான் அதிகம். பலிக்காததை யாரும் வந்து சொல்லவில்லை என்றும் வைத்துக்கொள்ளலாம். கைராசிக்காரர் என்று டாக்டரைச் சொல்வார்கள் அல்லவா, என்னைக் கால்ராசிக்காரி என்றார்கள். எனக்கு அதில் பெருமை இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

பிறகு மாவட்டம், மாநிலம், தேசியப் போட்டி என்று போய், உள்ளரங்கப் போட்டிக்கான குழுவில் என் பெயர் வந்தது. குழுவின் பயிற்சியாளர் ஒரு பெண். மேடம் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். சிரிக்கவே மாட்டார். முதல் தடவை நான் ஓடியதைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வளைவில் ஏன் வெளியே போகிறாய் என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. கைப்பேசியில் எடுத்த வீடியோவைக் காட்டினார். ஒவ்வொரு வளைவிலும் நான் உள்கோட்டை விட்டு வெளிப்பக்கம் நழுவிக்கொண்டிருந்தேன். வலப்பக்கம் திரும்பியே பழகிய இடுப்பு இடப்பக்கம் சாய மறுத்தது. திறந்த மைதானத்தில் ஒரு சுற்று நானூறு மீட்டர், வளைவு அகலமானது, அங்கே இந்தக் குறையை வேகத்தால் மறைத்துவிடலாம். உள்ளரங்கத்தில் சுற்று இருநூறு மீட்டர்தான். என் ஓட்டத்துக்கு ஏழரைச் சுற்று, பதினைந்து வளைவு. வளைவுகள் வாணலியின் ஓரம் மாதிரி சாய்ந்து எழும்பியிருக்கும். அங்கே வெளியே போனால் போனதுதான்.

முகாம் தொடங்க இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. ஊருக்குப் போ, தினமும் இடப்பக்கமாகத் திரும்பி ஓடு, வேறு எதுவும் வேண்டாம் என்றார் மேடம். இன்னொன்றையும் சொன்னார். இறுதி ஓட்டத்துக்கு வந்துவிட்டால் அடுத்த வருடமும் நீ முகாமில் இருப்பாய். வராவிட்டால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான், உன் இடத்துக்கு ஆறு பேர் காத்திருக்கிறார்கள். அதைத் திட்டுவது போலச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து இதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன். இடப்பக்கம் ஓடவேண்டும் என்பதையும், இறுதி ஓட்டத்துக்கு வராவிட்டால் எல்லாம் முடிந்தது என்பதையும் சேர்த்தே சொன்னேன். அம்மா ராட்டையின் முன்னால் உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தாள். நெசவில் குறுக்கே ஓடும் நூலைச் சின்னக் குழலில் சுற்றுவதுதான் தார். அப்பா தறியில் இருக்கும் நேரமெல்லாம் அம்மா ராட்டையில் இருப்பாள். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டாள். அடுத்த குழலை மாட்டினாள்.

இரண்டு நாள் இடமாக ஓடினேன். பூக்காரம்மா மறுபடி கூடையை எடுத்துக்கொண்டு வந்தார். இந்த முறை நான் நிற்கவில்லை. மூன்றாம் நாள் ஷூவை மாட்டும்போது அம்மா கூப்பிட்டாள்.

"எனக்கு ஒரு வேண்டுதல் இருக்குதும்மா. ஒரு மண்டலம் கோயில சுத்தணும். நாப்பத்தெட்டு நாள், ஒரு நாள் கூட உடக்கூடாது. என் முட்டி இருக்குற இருப்புக்கு வாசப்படி தாண்டுறதே பெரும்பாடு. ஊருக்கெல்லாம் சுத்துற. எனக்குத் தினம் ஒரு சுத்து சுத்த மாட்டியா?"

"என்ன வேண்டுதல்மா?"

"அதச் சொல்லக் கூடாது."

"சரி. ஒரு சுத்து வலமா உனக்கு. மத்ததெல்லாம் இடமா ஓடிக்கிறேன்."

அம்மா ராட்டையை நிறுத்தினாள். "வலமா சுத்திட்டு, திரும்பி இடமா சுத்துவியா? தார் சுத்திக்கினு இருக்கறப்ப ராட்டைய எதிர்ப்பக்கம் சுத்துனா இன்னா ஆவும்?"

"அவுந்துடும்."

"தெரிஞ்சிக்கினே கேக்குற பாரு."

படித்தவள் நான். இயற்பியலில் நல்ல மார்க். ஆனாலும் தார் அவிழும் என்பது எனக்குப் புத்தகத்தில் படித்ததை விட நன்றாகத் தெரிந்த விஷயம். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து பார்த்தது. நான் இணங்கியதற்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு, அதுதான் பெரிய காரணம். அம்மா எனக்காகத்தான் வேண்டுகிறாள் என்று நினைத்தேன். நான் இறுதி ஓட்டத்துக்கு வரவேண்டும் என்று. ஓட்டத்தைப் பற்றி எட்டு வருடத்தில் ஒரு கேள்வி கேட்டவள் இல்லை அம்மா. இப்போதுதான் முதல் முறையாக அதற்குள் ஒரு கை வைக்கிறாள் என்று தோன்றியது. சரி என்றேன். இடப்பக்கத்தை முகாமில் மூன்று வாரத்தில் சரிசெய்துகொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நாற்பத்தெட்டு நாளும் வலமாகவே ஓடினேன். பூக்காரம்மா சிரித்த முகமாகிவிட்டார். அம்மாவுடைய சுற்றை முதல் சுற்றாக வைத்துக்கொண்டேன். கடிகாரத்தை அழுத்திவிட்டு ஓடுவேன். அன்றாடம் ஓடியதில் அதுதான் வேகமான சுற்று. அதில் ஒரு சந்தோஷம் இருந்தது. அதைப் போல ஒன்று பிறகு எனக்கு வாய்க்கவில்லை. ஒரு நாள் தறியில் சின்ன அகலத்தில் அரக்குச் சிவப்புப் பட்டு ஓடிக்கொண்டிருந்தது. யாருக்கு என்று அப்பாவைக் கேட்டேன். "அம்மனுக்குப் பாவாடை. உங்கம்மா வேண்டுதல்" என்றார். என் மெடலுக்கு இப்போதே நெய்கிறார்கள் என்று எண்ணி, பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாற்பத்தெட்டாம் நாள் பூக்காரம்மா ஒரு முழம் மல்லி கொடுத்தார். "ஒரு நாள் கூட உடாம முடிச்சிட்டியே. பொம்பளப் புள்ளைங்களால ஆவாத காரியம்" என்றார். பாராட்டு என்று வாங்கிக்கொண்டேன்.

முகாமில் மூன்று வாரம் மேடம் என்னைப் பிழிந்து எடுத்தார். இடுப்பு கொஞ்சம் இறங்கி வந்தது. நிதானமாக ஓடும்போது உள்கோட்டை ஒட்டியே ஓடினேன். வேகம் எடுத்தால் பழைய உடம்பு திரும்பி வந்துவிடும். எங்கே பழகினாய் என்று கேட்டார். கோயிலைச் சுற்றி என்றேன். மறுபடி ஓடு என்றார்.

போட்டி நடந்த ஊரில் வெளியே பனி, அரங்குக்குள் வெக்கை. காற்று காய்ந்து கிடக்கும்; ஓடி முடித்தால் எல்லாருக்கும் இருமல் வரும். தகுதிச் சுற்றில் இரண்டு ஓட்டம். ஒவ்வொன்றிலும் முதல் மூன்று பேர் நேராக இறுதிக்குப் போவார்கள். மிச்ச இடங்கள், மற்றவர்களில் வேகமாக ஓடியவர்களுக்கு. என்னுடையது முதல் ஓட்டம்.

முதல் இரண்டு வளைவு நன்றாகவே போனது. பிறகு தோளோடு தோள் இடித்துக்கொண்டு கூட்டம் நெருங்கியதும் யோசிக்க நேரமில்லை. யோசிக்க நேரமில்லாதபோது உடம்பு தனக்குத் தெரிந்ததைச் செய்கிறது. ஒவ்வொரு வளைவிலும் இரண்டடி, மூன்றடி வெளியே போனேன். நேர்ப் பகுதியில் அவர்களைப் பிடிப்பேன், வளைவில் கொடுத்துவிடுவேன். கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தபோது மூன்றாவதாக இருந்தேன். எனக்குத் தெம்பும் இருந்தது. அதைச் சொல்லியாக வேண்டும். கால் வலிக்கவில்லை, மூச்சு முட்டவில்லை. கடைசி வளைவில் நான் வெளியே நழுவ, பின்னால் வந்த பச்சைச் சட்டைக்காரி அந்த இடைவெளியில் நுழைந்துவிட்டாள். கோட்டில் ஒரு தோள் அளவுக்கு அவள் முந்திவிட்டாள். இரண்டாவது ஓட்டம் எங்களுடையதை விட வேகமாகப் போனது. அரைமணி நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் பெயர் வரவில்லை.

வளைவுகளில் வெளியே போனதையெல்லாம் கூட்டினால், அந்தக் கூட்டத்திலேயே அதிக தூரம் ஓடியவள் நான்தான். அதிக தூரம் ஓடி நான்காவதாக வந்தேன். அதற்கு மெடல் கிடையாது.

அம்மாவுக்கு போன் போட்டேன். "தோத்துட்டேம்மா" என்றேன். "சரி உடும்மா. ஊட்டுக்கு வந்துடு" என்றாள். குரலில் வருத்தமே இல்லை. எனக்காக அடக்கிக்கொள்கிறாள் என்று நினைத்து, நான் அழுதேன்.

வீட்டுக்கு வந்தேன். முகாமிலிருந்து அழைப்பு இல்லை. ஓடுவதற்கும் மனம் வரவில்லை. அம்மா பார்த்துப் பார்த்துச் சமைத்துப் போட்டாள்; தின்றேன், தூங்கினேன். மூன்றாவது மாதம் ஒரு காலை எனக்குத் தூரம் வந்தது. பதினான்கு மாதம் கழித்து.

இதைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை. தீவிரமாக ஓடும் பெண்கள் பலருக்கு மாதவிலக்கு நின்றுவிடும். முகாமில் அதை ஒரு தொல்லை விட்டது என்றுதான் எடுத்துக்கொண்டோம். அம்மாவுக்குத் தெரியாது என்றே நம்பிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் அந்த நாட்களில் சாமி அறைப் பக்கம் போகமாட்டோம், தறி மேல் கை வைக்கமாட்டோம். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு பெண் மாதக்கணக்காக விலகி உட்காராமல் இருந்தால் தெரியாதா? எனக்குத்தான் அது தோன்றவில்லை.

ஐந்தாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்ததும் அம்மா மஞ்சள் பையில் தேங்காய் பழத்தோடு அந்தச் சிவப்புப் பாவாடையை எடுத்து வைத்தாள். "கெளம்பு, கோயிலுக்குப் போய்ட்டு வந்துடலாம். வேண்டுதல் நெறவேறிடுச்சு" என்றாள்.

"எது நெறவேறுச்சு? நான்தான் தோத்துட்டேனேம்மா."

அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. பையின் காதை முடிந்துகொண்டே பேசினாள்.

"உனக்கு நின்னு போய் மாசக்கணக்கா ஆச்சு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினு இருந்தியா? ஓட்டத்த உட்டாத்தான் உடம்பு திரும்பும்னு ஆஸ்பத்திரி நர்ஸம்மா சொல்லுச்சு. நான் சொன்னா நீ உடுவியா? அதான் அம்மன்கிட்ட சொன்னேன். எம் பொண்ணோட ஓட்டம் நின்னுடணும், உடம்பு பழையபடி ஆவணும்னு. நாப்பத்தெட்டு நாள் உடாம எந்தப் பொண்ணாலம்மா சுத்த முடியும்? நடுவுல தூரம் வந்துடாது? நீ சுத்துன. தினம் நீ கெளம்பறப்ப, இன்னிக்கும் வரலியேன்னு எண்ணிக்கினு இருப்பேன்."

"இடமா ஓடலன்னா தோத்துடுவேன்னு உன்கிட்ட சொன்னேனேம்மா."

"சொன்ன" என்றாள் அம்மா.

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். டாக்டரிடம் போயிருப்பேன். அதிகமாகச் சாப்பிட்டு, கொஞ்சம் குறைத்து ஓடினாலே சரியாகும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். முகாமில் மற்றப் பெண்கள் அப்படிச் சரிசெய்துகொண்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். என்னைக் கேட்காமல், என் காலை வைத்தே என்னை நிறுத்தினாள். அவள் பயந்தாள், அது எனக்குப் புரிகிறது. புரிவதால் கோபம் போவதில்லை. அம்மா மேல் இருக்கும் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்றுதான் இன்றுவரை தெரியவில்லை.

கோயிலில் பாவாடையைக் கொடுத்து அர்ச்சனை முடிந்தது. வெளியே வந்ததும் அம்மா வாசல் கல்லில் உட்கார்ந்து முட்டியைப் பிடித்துக்கொண்டாள். "நெறவேறுனா மாட வீதிய பதினோரு சுத்து சுத்தறேன்னு வேண்டிக்கினேன். என்னால ஆவலம்மா. இதையும் நீயே முடிச்சிடு" என்றாள்.

செருப்பைக் கழற்றி அவள் பக்கத்தில் வைத்தேன். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். வாசலிலிருந்து வலப்பக்கம் எடுத்து வைக்கவேண்டிய காலை இடப்பக்கம் எடுத்து வைத்து ஓட ஆரம்பித்தேன். பூக்காரம்மா கூடையைப் போட்டுவிட்டு எழுந்து, "அப்பிரதட்சணமா போவுது, புடிங்க அவள" என்று கத்தினார். யாராலும் என்னைப் பிடிக்க முடியவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் வாசலைத் தாண்டும்போது அம்மா அதே கல்லில் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தெரியும் நான் எதை அவிழ்க்கப் பார்க்கிறேன் என்று. முதல் சில சுற்றுகளில் மூலைக்கு மூலை வெளியே போனேன். ஏழு, எட்டில் இடுப்பு இறங்கியது. பதினொன்றாவது சுற்றில் நான்கு மூலைகளையும் மதில் சுவரை ஒட்டியே, ஓரடி கூட நழுவாமல் எடுத்தேன்.

எதுவும் அவிழவில்லை. அடுத்த மாதமும் தூரம் தேதி தவறாமல் வந்தது. அதே வாரம் கம்பெனியில் ஆள் எடுப்பதாகச் சொன்னார்கள், போய்ச் சேர்ந்துவிட்டேன்.